கேட்டில் வளர்ந்த நாயும் ஒரு திருடன் படமும்

"…நீங்க மட்டும் அதை அதட்டக் கூடாது அண்ணாச்சி. குரைச்சா குரைச்சிட்டுப் போகுது. நான் பாட்டுக்கு நடந்து வாரேன்."

எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவன் இதைச் சொன்னான். அவன் கழுத்து காலியாக இருந்தது. கேட்டுக்கு உள்ளே எங்கள் நாய். நாய்க்குப் பக்கத்தில், தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, செல்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, படத்தில் திருடனாக நடிக்கும் பையன். காம்பவுண்டு சுவர்மேல் மூன்றாம் நம்பர் ரூமின் சாவி. அந்தச் சாவியை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்து அவன் என்ன செய்தான் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் இரண்டு வரியில் முடிந்துபோகும். அந்த இரண்டு வரி எனக்கு ஏன் இத்தனை நாளாக நெஞ்சில் கிடக்கிறது என்பது மட்டும் உங்களுக்கு விளங்காது. ஆகையால் நாயிலிருந்து தொடங்குகிறேன்.

நான் செக்யூரிட்டி. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் பல வருடமாக நிற்கிறேன். வண்டி நம்பர் எழுதுவது, டிரைவரை ஊதச் சொல்லிப் பார்ப்பது, உள்ளே போகிறவர்களின் கழுத்தைப் பார்ப்பது, இதுதான் வேலை. கழுத்து என்றால் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு. முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். "கார்டு எங்க?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் ஒருமுறை தலையணையைப் பார்த்துக் கேட்டேனாம், என் மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தையெல்லாம் கேட்டில் நின்று, வருகிறவர் போகிறவர் பேசக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நல்ல பேச்சு காதில் விழுந்தால், தீர்ந்துபோன விசிட்டர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். ஒரு டிரெய்லர் டிரைவர் சொன்னார், "ஊர் ஊராப் போறேன்னு பேரு சார். பாக்கறது பூரா கேட்டுதான்." இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது.

நாய் அங்கே வந்தது மழைக்கு ஒதுங்கி. கையளவு குட்டி. ஒரு டிரெய்லரின் அடியிலிருந்து எங்கள் செக்யூரிட்டி ரூமுக்குள் ஓடி வந்து, என் பூட்ஸ்மேல் படுத்துக்கொண்டது. மூன்று ஷிஃப்ட் ஆட்களும் போட்டதைத் தின்று வளர்ந்தது. செம்பட்டை நிறம், இடது காது மடிந்திருக்கும். நான் நிற்கும்போது என் காலடியில் உட்காரும். கார்டு இல்லாமல் யாராவது நுழைந்து நான் "கார்டு எங்க?" என்று சத்தம் போட்டால், அதுவும் கூட ஒரு "வள்" போடும். "ரெண்டாவது செக்யூரிட்டி" என்று எல்லோரும் சிரிப்பார்கள். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அல்லது, சொல்லிக் கொடுக்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறார்கள், கேட்டில் நாய் இருக்கக் கூடாது என்றார்கள். மொபெட்டில் முன்னால் ஒரு சாக்கில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீடு என்றால் முன்னால் எங்களுக்கு இரண்டு அறை. பின்னால் வரிசையாக நாலு ரூம், கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு. எல்லோருக்கும் ஒரே கேட். பையன்கள் பெரும்பாலும் தெற்கே இருந்து வந்தவர்கள். ரூமுக்கு ஒரு பேராக நாய்க்கு நாலு பேர் வைத்தார்கள். அது நாலு பேருக்கும் வரும், நாலு ரூமிலும் சாப்பிடும்.

ரூம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கார்டு கீதா, ரூம் கீது. கார்டு இல்லியா, ரூம் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். சொல்வதற்கு ஒரு தாளக்கட்டு இருந்ததால் எனக்கே அதன்மேல் கொஞ்சம் பெருமை. மாதம் பிறந்தால் ஒருமுறை, விளையாட்டுக்கு, எல்லோர் காதிலும் போட்டுவைப்பேன்.

இன்னொரு பழக்கமும் சொல்லவேண்டும். இங்கே பையன்கள் ரூம் சாவியை ஐடி கார்டு கயிற்றின் கொக்கியிலேயே மாட்டிவைத்துக்கொள்வார்கள். தனியாக வைத்தால் தொலைந்துபோகும். ஆகவே லுங்கியோடு டீக்கடைக்குப் போனாலும் கழுத்தில் கயிறு இருக்கும். கார்டு ஆடாமல் இருக்க அதை மேல்பையில் சொருகிக்கொள்வார்கள். கயிறு மட்டும்தான் கண்ணில் படும்.

மூன்றாம் நம்பர் ரூமில் ஒருவன் இருந்தான். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வரும்போதே செல்போனில் எதையாவது படம் பிடித்துக்கொண்டு வருவான்: பஸ் ஜன்னலில் ஓடும் சுவர், கொடியில் காயும் யூனிஃபார்ம் வரிசை, என் மனைவி மீன் கழுவுவது. முதலில் கிண்டலுக்கு எல்லோரும் அவனை "டைரக்டர்" என்றார்கள். பிறகு அதுவே அவன் பேராகிவிட்டது. ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒங்க நாயைக் கொஞ்சம் தரணும்."

"இன்னாத்துக்குபா?"

"நடிக்கதுக்கு."

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "அதுக்கு இன்னா வேஷம்?"

"நாய் வேஷந்தான் அக்கா."

"அப்ப இட்டுகினு போ. அத்த ஒண்ணுதான் அது நல்லா செய்யும்."

கதையைச் சொன்னான். பட்டப்பகல். இந்த மாதிரி ஒரு ரூம் வரிசை. எல்லோரும் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு திருடன் வருகிறான். நாய் குரைக்கிறது. பயந்துகொண்டே ரூமைத் திறந்து உள்ளே போகிறான். அங்கே நாலு பாய், ஒரு ரைஸ் குக்கர், ஒரு டப்பா ஊறுகாய். தூக்கிக்கொண்டு போகும்படி ஒன்றும் இல்லை. களைத்துப்போய், அந்தக் குக்கரிலேயே சோறு பொங்கி, ஊறுகாயோடு தின்றுவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போகிறான். போகும்போது நாய் குரைக்கவில்லை. கேட் வரைக்கும் கூடவே போகிறது.

"அவ்ளோதான் அண்ணாச்சி. ஏழு நிமிசம்."

"பாத்திரம் வெளக்கி வெச்சிட்டுப் போறானா? எந்த ஊர் திருடன்பா அவன்?"

"முன்ன இங்க இருந்துட்டுப் போனவனா இருக்கும் அண்ணாச்சி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது அவன் கார்டு அவன் கழுத்தில் இருந்தது.

திருடன் வேஷம் அவனுடைய ரூம் கூட்டாளிக்கு. மதுரைப் பக்கம், ஆள் வாட்டசாட்டம், வேலை வேறொரு கம்பெனியில். "என் மூஞ்சியப் பாத்தாலே போதும்ணே, நாய் ஓடிரும்" என்று அவனே சொன்னான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு தொடங்கியது. டைரக்டருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி முறைதான். பரீட்சை அட்டையில் ஒரு தாள் குத்தி, ஒவ்வொரு முறை எடுத்ததும் "ஓகே", "ரீவொர்க்", "ரிஜக்ட்" என்று எழுதுவான். ரிஜக்ட் என்றால் சிவப்புப் பேனா. ஊறுகாய் டப்பா முதல் தடவையே ஓகே ஆகிவிட்டது. குக்கர் இரண்டாவது தடவை. நாய்க்கு வந்ததும் தாள் முழுக்கச் சிவப்பானது.

திருடன் மூஞ்சியில் துண்டைக் கட்டிக்கொண்டு பதுங்கிப் பதுங்கி கேட்டைத் திறந்தான். நாய் ஓடிப்போய் இரண்டு முன்னங்காலையும் அவன் வயிற்றில் வைத்தது.

"ரிஜக்ட்" என்றான் டைரக்டர்.

தலையில் ஹெல்மெட் மாட்டி வந்தான். வாலாட்டல். கருப்புப் போர்வை போர்த்தி வந்தான். போர்வை முனையைக் கவ்விக்கொண்டு விளையாடியது. பொறுமை இழந்து, நாலு காலில் தவழ்ந்து, நாயைப் பார்த்து அவனே உறுமினான். அது மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டியது.

"ஏல, நீ ஏம்ல குரைக்க? அதுதாம்ல குரைக்கணும்!"

"அதுக்கு மறந்து போச்சு போலடா. ஞாபகப்படுத்துறேன்."

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாய் வேஷம் போடச் சொன்னா, அது வூட்டுக்காரம்மா வேஷம் போடுது. வர்றவனுக்கெல்லாம் வாங்க வாங்கன்னுது" என்றாள்.

எனக்கு மானப் பிரச்சினை. "கேட்ல வளந்த நாய்பா அது. கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவரப் பாத்து எப்பிடிக் கொலைக்கும் தெரியுமா" என்றேன். வாஸ்தவம்தான், அவரைப் பார்த்தால் தெருவே அதிரும். பக்கத்து வீட்டு அம்மா குழம்பு கொண்டுவந்தாலும் அப்படித்தான். பார்சல் கொண்டுவரும் பையனை மட்டும் ஏனோ ஒன்றும் செய்யாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது ஞாயிறும் அதே கதை. இத்தனைக்கும் காரணம் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிக்கொண்டிருந்தது. திருடன் வேஷம் கட்டியவன் கழுத்தில் ஐடி கார்டு. படத்தில் தெரியக் கூடாதென்று கார்டைப் பனியனுக்குள் போட்டிருந்தான். சிவப்புக் கயிறு மட்டும் பிடரியில் பளிச்சென்று கிடந்தது. திருட வருகிறவன் கம்பெனிக் கயிறு மாட்டிக்கொண்டு வருவானா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நூலளவு கீறலைக் கண்டுபிடித்து உதிரி பாகத்தைத் திருப்பி அனுப்புகிற டைரக்டருக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது சட்டைப் பொத்தான் மாதிரி, இருப்பது தெரியாது.

மூன்றாவது ஞாயிறு காலை. வெயில் ஏறுவதற்கு முன், நாயின் கண் உயரத்திலிருந்து ஒரு காட்சி எடுக்கவேண்டும் என்றான் டைரக்டர். அதற்குச் செல்போனைத் துடைப்பக் கட்டையில் கட்டித் தாழ்வாகப் பிடிக்கவேண்டும். கட்டக் கயிறு தேடினான். கிடைக்கவில்லை. சட்டென்று தன் கழுத்திலிருந்த நீலக் கயிற்றைக் கழற்றினான். இரண்டு சுற்று, மூன்று சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு. கட்டையைத் திருடன் கையில் கொடுத்துவிட்டு, நாய்க்கு பிஸ்கட் வாங்க முனைக்கடைக்குப் போனான்.

திரும்பி வந்து கேட்டைத் தள்ளினான்.

நாய் எழுந்தது. வீடு அதிரக் குரைத்தது. கரண்ட் ரீடிங் எடுப்பவருக்குக்கூட அப்படிக் குரைத்ததில்லை. அவன் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது, அவனை அதற்கு நன்றாகத் தெரியும், வால் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. இருந்தும் வாய் நிற்கவில்லை.

"ஆத்தி! எடு எடு!" என்று கத்திக்கொண்டே திருடன் கட்டையைத் தூக்கி அவனே எடுக்க ஆரம்பித்தான். டைரக்டர் கேட்டிலேயே நின்று, "என்ன செஞ்சேன் நான்? என்ன செஞ்சேன்?" என்று சந்தோஷத்தில் கேட்டான். நாங்கள் எல்லோரும் அவனை மேலிருந்து கீழே பார்த்தோம். திருடன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"கழுத்துண்ணே! கழுத்தப் பாக்குதுண்ணே அது!"

உடனே சோதனை. திருடன் தன் சிவப்புக் கயிற்றைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போய் உள்ளே வந்தான். குரைத்தது. கயிற்றை மாட்டிக்கொண்டு வந்தான். வாலை ஆட்டிக்கொண்டு வழிவிட்டது. மறுபடி கழற்றினான், குரைத்தது. மறுபடி மாட்டினான், வழிவிட்டது. "ரெண்டு தடவையும் ஒரே ரிசல்ட். ஓகே பீஸ்" என்றான் டைரக்டர். பார்சல் பையன் கழுத்தில் கார்டு தொங்கும், கரண்ட் ரீடிங்காரர் கழுத்தில் தொங்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நானு?" என்றாள் என் மனைவி. "எனக்குக் கொலைக்கறதில்லயே."

"நீ மேனேஜரு. மேனேஜர் வண்டிய யாரு நிறுத்தறா?" என்றேன். திருடன் நாயைத் தூக்கிவைத்து ஆடினான். ஒரு கல்யாண வீட்டுச் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான், வாய்ப் பழக்கத்தில், டைரக்டரைப் பார்த்துக் கேட்டேன்: "ஆமா, உன் கார்டு எங்கபா?"

அவன் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. துடைப்பக் கட்டையைக் காட்டினான். நான் பார்த்தேன். நீலக் கயிறு செல்போனைச் சுற்றி இருந்தது. முடிச்சின் நுனியில் கொக்கி தொங்கியது. கொக்கியில் சாவி இருந்தது. கார்டு இல்லை.

செக்யூரிட்டி கண் அது. வேண்டாம் என்றாலும் பார்த்துவிடும்.

"ரூம்ல வெச்சிருக்கியா?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் விட்டிருப்பேன். பிஸ்கட் பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்தான். "பதினோரு நாளாச்சு அண்ணாச்சி" என்றான். "கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சுன்னு கேட்லயே வாங்கிட்டாவ. கயித்தை வேணும்னா வச்சிக்கிடுன்னாவ."

நாய் மறுபடி குரைத்தது. "ச்சூ, சும்மா கட!" என்று அதட்டினேன்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஷிஃப்டுக்குப் போவது மாதிரியே பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வெறும் கயிற்றைக் கழுத்தில் போட்டு, நுனியை மேல்பையில் சொருகிக்கொண்டு. கம்பெனி பஸ் வருவதற்குள் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துவிடுவானாம். ஒரகடத்தில் கேட் கேட்டாக ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறான். ஒருநாள் வாலாஜாபாத்தில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ். மூன்று மணிக்கு, வழக்கமாக வருகிற நேரத்துக்கு, திரும்பிவிடுவான். நாய் வாலாட்டி உள்ளே விட்டது. நானும் "இன்னாபா, டூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டு உள்ளே விட்டேன். இரண்டு பேரும் கயிற்றைத்தான் பார்த்திருக்கிறோம்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையேடா, வெளங்காதவனே" என்றான் திருடன்.

"ஒங்கிட்டச் சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. அண்ணாச்சி காதுக்குப் போவும். கார்டு இல்லைன்னா ரூம் இல்லைல்லா. படம் முடியதுவரைக்கும் இருந்துக்கிடலாம்னு பாத்தேன். முடிஞ்சதும் நானே சொல்லிட்டு ஊருக்குப் போயிரலாம்னு."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது மாதிரி, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகச் சொன்னான். என் வாய்ப்பாடு என்னிடமே திரும்பி வந்து நின்றது. அதிலிருந்த தாளக்கட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்கு அப்போது வேறொருவர் ஞாபகம் வந்தார். எங்கள் கம்பெனியில் பல வருடம் இருந்த ஆள். தினம் என்னோடு டீ குடிப்பார். அவருக்கும் ஒருநாள் கணக்கு முடிந்தது. கார்டைக் கேட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள், கேண்டீனில் மறந்துவைத்த டிபன் கேரியரை எடுக்க வந்தார். நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். "கார்டு எங்க?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன், கேட்கவேண்டியது என் வேலை. என் காலடியில் இருந்த நாய் "வள்" என்றது. அவர் வெளியே வெயிலில் நின்றார், கேரியரை நான் ஆள் விட்டு வரவழைத்துக் கொடுத்தேன். "நேத்து வரைக்கும் நீ எனக்கு டீ சொன்னவன்யா" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பேச்சையும் நோட்டில் எழுதிவைத்தேன், நல்ல பேச்சென்று. அவர் போன பிறகு நாயின் தலையைத் தட்டிக்கொடுத்து, அரை வடை போட்டேன்.

சொல்லிக் கொடுத்தது யார் என்று இப்போது தெரிகிறது.

டைரக்டர் துடைப்பக் கட்டையிலிருந்து முடிச்சை அவிழ்த்தான். கொக்கியிலிருந்து சாவியைக் கழற்றி என் முன்னால் நீட்டினான். "இந்தாங்க அண்ணாச்சி. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருதேன். இவனையே கயிறு இல்லாம நடக்க வச்சி மிச்சத்தை எடுத்துருவோம், அரை மணி நேரம்."

கை நீட்டி வாங்க என்னால் முடியவில்லை. இத்தனை பேருடைய பேச்சை எழுதிவைத்தவனுக்கு அன்றைக்கு ஒரு பேச்சு அகப்படவில்லை. என் மனைவிதான் பேசினாள். என்னைப் பார்த்துத்தான்.

"கேட்ல கேக்கற கேள்விய வூட்ல இன்னாத்துக்குய்யா கேக்கற? இது இன்னா கம்பெனியா?"

"நான் இன்னா சொன்னேன் இப்ப?" என்றேன்.

"நீ சொல்றதாலதான் அது கொலைக்குது. நீ சொல்றதாலதான் இவன் பதினோரு நாளா ரோட்ல சுத்திகினு வந்துகிறான்."

நான் அவனிடம் சொன்னேன்: "ரூம் உன்னுதுதான்பா. வேல கெடைக்கற வரைக்கும் இரு. நம்ம கேட்லயும் சொல்லி வெக்கிறேன். நான் சொன்னது, அது சும்மா, வாய்க்கு வந்தது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அவன் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நான் வாங்கவில்லை என்றதும், சாவியைச் சுவர்மேல், பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "வெயில் ஏறிரும். மொதல்ல வேலையப் பாப்போம்" என்றான்.

திருடன் வரும் காட்சியை எடுத்தார்கள். கயிறு இல்லாத திருடன், குரைக்கிற நாய். ஒரே தடவையில் ஓகே. இரண்டு வாரம் காத்திருந்த காட்சி, யாரும் கைதட்டவில்லை. திருடன் கயிற்றை மாட்டிக்கொண்டு வெளியேற, நாய் கேட் வரைக்கும் கூடப் போகிற காட்சியும் முடிந்தது. பின்னாலிருந்து கயிறு தெரியாமல் இருக்கத் துண்டைப் பிடரியில் மட்டும் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நடந்தான். அட்டையில் குத்திய தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது.

டைரக்டர் தாளின் அடியில் இன்னொரு கட்டம் வரைந்தான்.

"இன்னும் ஒண்ணு எடுக்கணும்" என்றான்.

"இனி என்னடா? கதை முடிஞ்சுருச்சே."

"திருடன் போன பெறவு ரூம்காரன் ஒருத்தன் வாரான். வேலை போயிட்டு வாரான். அவனப் பாத்தும் குரைக்கும். ஆனா அவன் ஓடமாட்டான். நான் வாரேன். நீ படுத்துக்கிட்டு எடுல."

திருடன் தரையில் படுத்தான். துடைப்பக் கட்டையில் கட்டக் கயிறு வேண்டாம், கையிலேயே பிடித்துக்கொள்கிறேன் என்றான். நீலக் கயிறு படிக்கட்டில் கிடந்தது. டைரக்டர் கேட்டுக்கு வெளியே போனான்.

நாய் உடனே ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "ச்சீ, சும்மா கட! தெரிஞ்ச ஆளப் பாத்து இன்னா?" என்று கையை ஓங்கினேன். நாய் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தது. இத்தனை வருடம் தட்டிக்கொடுத்த கை அது. காட்சி கெட்டது. மறுபடி வெளியே போனான், மறுபடி நான் அதட்டினேன். மூன்றாவது தடவை அவன் கேட்டுக்கு வெளியே நின்றபடி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. "அண்ணாச்சி, அது நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் செய்யுது," என்று ஆரம்பித்தான், "நீங்க மட்டும் அதை அதட்டக் கூடாது அண்ணாச்சி. குரைச்சா குரைச்சிட்டுப் போகுது. நான் பாட்டுக்கு நடந்து வாரேன்."

நான் கையைக் கீழே விட்டேன். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு டிரெய்லர் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். நாய் குரைத்தது. வாலை ஆட்டிக்கொண்டு, காதை மடக்கிக்கொண்டு, அவன் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தரையில் படுத்திருந்தவனைத் தாண்டினான், என்னைத் தாண்டினான். சுவர் ஓரமாக வந்ததும் கையை நீட்டி, பார்க்காமலேயே சாவியை எடுத்துக்கொண்டான். மூன்றாம் நம்பர் ரூமின் பூட்டைத் திறந்தான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.